ஆறாவது தந்தி

வியாழன் இரவு, சல்மாபாத் கேரேஜில்
ஆறாவது தந்தியை ஒரு சுரம் கீழே இறக்குவேன்.
அப்போதுதான் அது உறுமும்.
அதுவரை அது கம்பி, நான் ஏசி மெக்கானிக்.

டிரம்ஸ் நவ்ஷாத்.
இரட்டைப் பெடலில் ஒன்றை விலைக்கு வாங்கினான்,
இன்னொன்றை ஸ்கூட்டர் கிக்கரில் வெல்டு வைத்தான்.
தொண்டை, சேசடிமையுடையது.
மணப்பாட்டில் ஞானஸ்நானம் கொடுத்தபோதே
பேருக்குள் அடிமையை வைத்துவிட்டார்கள்.
யாருக்கு என்பதுதான்
இங்கே வந்து மாறிப்போனது:
எழுநூறு ஃபில்ஸ் கொலோன்,
பெப்சியில் கலந்தால் சோப்பு ருசி.

பாட்டு எழுதுவது நான்.
கோபம் என்னிடம்தான் கையிருப்பு அதிகம்.
ஹூராவில் ஒரு ஹோட்டல், நாலாம் மாடி பார்,
டக்ட் கழுவப் போன இரவில் பார்த்தேன்:
மேடையில் ஏழு பெண்கள்.
ஆடுவதாகப் பேர், நிற்கிறார்கள்.
பிளாஸ்டிக் மாலை ஒன்று ஐந்து தினார்.
கழுத்தில் மாலை விழ, சூப்பர்வைசர் நோட்டில் கோடு விழும்.
பாட்டு முடியுமுன்னே கழன்று பெட்டிக்குள் போகும்.
அதே மாலை மறுபடி விற்கும்.
ஒரு சாமந்தியை, வாடத் தெரியாத ஆரஞ்சு,
பதினேழு தடவை எண்ணினேன்.

ரூமுக்கு வந்து விடியும்வரை எழுதினேன்.
சந்தை, கொக்கி, சதை.
சதை மட்டும் ஒன்பது இடத்தில்.
தொங்கு தொங்கு என்று சேசடிமை அலறியபோது
ஷட்டர் அதிர்ந்து துருப்பொடி உதிர்ந்தது.
நியாயம் கேட்கிறோம் என்றே நினைத்தோம்.
நியாயத்துக்கு அவ்வளவு பெரிய ஆம்ப் எதற்கு என்று
எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஜூலையில் அவர்கள் ஃபிளாட்டில் ஏசி நின்றது.
எட்டுப் பேர், ரெண்டு ரூம், வெளிப்பக்கம் பூட்டு.
மேடையில் பிங்கி, இங்கே வேம்பு,
ஊர் பண்ருட்டிப் பக்கம்.
ஏணியைப் பிடித்துக்கொண்டே
என் போனில் ஓடியதைக் கேட்டாள்.
என்னாப்பா இது, கிரைண்டர் மாதிரி?
உங்களைப் பத்தித்தான் என்றேன், பெருமையாக.
வரிகளைப் படித்தும் காட்டினேன்.

ஸ்க்ரூ நாலையும் கழற்றும்வரை பேசவில்லை.
பிறகு,
இடுப்பு இருக்கு, தொடை இருக்கு,
அழுவுறதுகூட இருக்கு.
முழங்கால் எங்க?
ஒம்போது மணியிலேருந்து மூணு மணிவரைக்கும்
ஹீல்ஸ்ல நிக்கிறது அதுதானே.
அவனுங்களாவது அஞ்சு தினார் குடுத்துப் பாக்குறானுங்க.
நீ சும்மா பாத்திருக்கே.

ஃபில்டருக்குள் எறும்புக் கூட்டம் ஒன்று செத்துக் கிடந்தது.
அதைத் துடைப்பதில் கவனமாக இருந்தேன்.

பேரைப் போட்டு எழுதட்டுமா?
வேணாம். அது ஒண்ணுதான்
நோட்டுல ஏறாம இருக்கு.

ஆகஸ்டில்
சல்மானியா ஆஸ்பத்திரிக் கட்டிலில்
லைட்டைப் போடச் சொன்னான் சேசடிமை.
லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது.
அன்றைக்குக் கொலோன்கூட இல்லை,
எவனோ டின்னில் கொண்டுவந்த ஏதோ.
அவனைப் பற்றியும் எனக்கொரு பாட்டு உண்டு:
விஷமே வா, நரம்பில் தீ வை.
அதைச் சரியாகப் பாட
முதலில் ஒரு மடக்கு வேணும் என்பான்.
மூடியைத் திறந்து கொடுத்தது நான்.
ரெக்கார்டிங் பிரமாதம் என்று கைதட்டியதும் நான்.

இந்த வியாழன் தொண்டை இல்லை.
ஒன்பது சதையையும் அடித்துவிட்டேன்.
தாளில் மிஞ்சியது
முழங்கால். ஒன்பது முதல் மூன்று.
அப்புறம் ஐந்து தினாரில் அவளுக்கு எவ்வளவு என்று
தொடங்கிய ஒரு கணக்கு.
முடிக்கவில்லை. கேட்க மறந்திருந்தேன்.

இதுக்கு எப்படிடா அடிக்கிறது என்றான் நவ்ஷாத்.
அடித்துப் பார்த்தான்.
நாலாவது அடியில் வெல்டு விட்டுப்போய்
ஒரு பெடல்தான் வேலை செய்தது,
நொண்டி நொண்டி.
நிறுத்தப் போனவனிடம்
வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.